முதல் குடத்துத் தண்ணீர்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவளுக்கு முன்னால் கண் விழித்த ஆள் கிடையாது. அதனால் வைத்த பெயர்தான் கோழியக்கா. நேரில் வெறும் அக்கா; கோழி சேர்வது அவள் முதுகைத் திருப்பிய பிறகு. ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்த புது ஆள் விவரம் தெரியாமல், "கோழியக்கா வீடு எதுங்க?" என்று அவளிடமே கேட்டுவிட்டான். அன்றைக்கு மீட்டரைப் பார்க்காமலே ஓடிப்போனான்.

கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறை அவளுடைய இஸ்திரிக் கடை. அதன் பின்னால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அங்கே அவள், அவள் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை. தம்பி பஸ் டிரைவர். அவனைப் பத்து வயதிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித்தான் ஆளாக்கினாள். கட்டிய புருஷன் ஒருநாள் வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பினான். வேலை கிடைத்ததோ இல்லையோ, ஆள் திரும்பி வரவில்லை. யாராவது அதைக் கிளறினால், "சட்டை கசங்கினா தேச்சுக்கலாம். ஆளே கசங்கினா என்ன பண்றது? போனா போறான்" என்பாள். அத்தோடு அந்தப் பேச்சு முடியும்.

அவளுடைய பெருமையெல்லாம் பின்கட்டில் இருந்த ஒரே ஒரு குழாயில் இருந்தது. கட்டடம் முழுக்க அந்தக் குழாயை நம்பித்தான் குடித்தது, சமைத்தது. இரவில் பின்கட்டுக் கதவைப் பூட்டுவதும் விடியலில் திறப்பதும் அவள் வேலை. சாவி அவள் இடுப்பில். திறந்ததும் வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை எவர்சில்வர் குடத்தில் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வழிவிடுவாள். நேரம் ஆக ஆக, ஊரே குழாயைத் திறந்து அழுத்தம் குறைந்து, துருவும் மண்ணுமாகக் கலங்கி வரும். அது சோம்பேறிகளின் தண்ணீர்.

தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல அவளிடம் ஒரு சோதனை இருந்தது. வெள்ளைச் சட்டையில் தண்ணீரைத் தெளித்து, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவாள். தாமதமாக வந்த தண்ணீர் என்றால் பழுப்புப் புள்ளி விழும். முதல் தண்ணீர் என்றால் சட்டை பால் மாதிரி வரும். "வெள்ளைச் சட்டையில கறை விழாத தண்ணி வயித்துல மட்டும் என்னத்த பண்ணிடும்?" என்று கேட்பாள். அவளுடைய தொழிலில் அதைவிடப் பெரிய சான்று வேறு என்ன இருக்கிறது?

அந்த முதல் குடம் இரண்டு பேருக்கு. ஒன்று குழந்தை. இன்னொன்று மறுபடி மாசமாக இருந்த தம்பி பெண்டாட்டி. மற்றவர்கள் தொட்டால் கை உடையும்.

ஆனால் குழந்தை தேறவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். "அம்மா", "பஸ்" என்று நாலைந்து வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தவள், அதையும் விட்டுவிட்டு விரலை நீட்டிச் சிணுங்கினாள். மூன்றாவது மாடியில் இருந்த முடிவெட்டுகிறவனுடைய பையன் இவளைவிட இளையவன். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அதுதான் கோழியக்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முடிவெட்டுகிறவனுக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. கலங்கல் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி, அதைக் குடித்துக் குடித்து அந்தக் குடும்பம் கொழுகொழுவென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். நர்சு கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்கு. காரீயம்னு சொல்வாங்களே, அது. இருக்கவே கூடாது. எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். பழைய பெயிண்டா இருக்கலாம், பொம்மையா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம்."

"தண்ணி இல்ல" என்றாள் கோழியக்கா, ஆணி அடித்த மாதிரி. "வேற எதுன்னாலும் சொல்லு, கேட்டுக்கறேன். தண்ணிக்கு நான் ஜவாப்தாரி."

நர்சு சிரித்துக்கொண்டே இரண்டு பாட்டிலைக் கொடுத்தாள். ராத்திரி முழுக்கக் குழாயைத் தொடக்கூடாது. காலையில் திறந்ததும் வருகிற தண்ணீர் சிவப்பு மூடி பாட்டிலில். அப்புறம் நன்றாக ஓடவிட்டு, நீல மூடி பாட்டிலில். கூட வந்திருந்த தம்பி பெண்டாட்டிக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

"செவப்பு மூடிதான் தங்கம், பாத்துக்கோ" என்று சொல்லி மறுநாள் கோழியக்கா பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? குழந்தையின் சாயம் பூசிய மரக்கிளியை அடுப்பில் போட்டாள். குழந்தை அழுதாள், தம்பியும் கூட அழுதிருப்பான், அவன் வாங்கிக் கொடுத்தது. ஜன்னல் சட்டத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டப் போனவளைத் தம்பிதான் தடுத்தான். சுரண்டினால் தூள் பறக்கும், அது இன்னும் மோசம் என்று நர்சு அவனிடம் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவள் செய்ததுதான் வேடிக்கை. உடம்பில் சேர்ந்த விஷத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போகட்டும் என்று, முதல் குடத்துத் தண்ணீரை வழக்கத்தைவிட அதிகமாக, டம்ளர் டம்ளராகக் குழந்தைக்குப் புகட்டினாள்.

"போதும் அண்ணி, வாந்தி எடுக்கப் போறா" என்று தம்பி பெண்டாட்டி கெஞ்சினாள்.

"எடுத்தா எடுக்கட்டும். கெட்டது வெளிய போகும். நீயும் ஒரு டம்ளர் குடி."

முடிவு வருகிற அன்றைக்குக் காலையில், மூன்றாவது மாடிக்காரி பின்கட்டில் வந்து நின்றாள். முடிவெட்டுகிறவன் பெண்டாட்டி. கையில் இரண்டாவது குழந்தை. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது; அது அழுத அழுகையில் அன்றைக்கு அவள் மட்டும் விடியலிலேயே எழுந்துவிட்டாள். தாய்ப்பால் போதவில்லை, பால்பவுடர் கரைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, கலங்கல் தண்ணியில எப்படிக்கா பால் கரைக்கறது? உங்க தண்ணியில ஒரே ஒரு ஜக்கு..."

அவளுக்குக் கோழியக்கா அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை. 'புருஷனைச் சீக்கிரம் எழுப்பிவிடு' என்பதுதான் வழக்கமான பதில். அன்றைக்கு அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. குடத்தில் விழ வேண்டிய முதல் தண்ணீரை அவளுடைய ஜக்கில் பிடித்து நிரப்பிக் கொடுத்தாள்.

"இந்தா. உன் புருஷனுக்கு இல்ல, புள்ளைக்கு."

அவள் கண் கலங்கிப் போய்ப் படியேறினாள். கோழியக்காவும் ஒரு நல்ல காரியம் செய்த தெம்போடு, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்சு காகிதத்தைப் பார்த்தாள். கோழியக்காவின் முகத்தைப் பார்த்தாள். "தண்ணிதான் அக்கா" என்றாள். "நீல மூடியில கொஞ்சம்தான் இருக்கு. செவப்பு மூடியில பல மடங்கு."

"மூடி மாறிப் போச்சு."

"மாறலைக்கா."

"மாறிப் போச்சுங்கறேன்! எத்தனை பாட்டில் வருது உங்களுக்கு? ஒரு நாளைக்கு நான் தேய்க்கற சட்டையிலயே ஆள் மாறிப் போகுது, உங்களுக்கு மாறாதா? செவப்புதான் சுத்தம். வெள்ளைச் சட்டையில தெளிச்சுக் காட்டவா? ஒரு புள்ளி விழட்டும், காதை அறுத்துக்கறேன்."

"விழாதுக்கா. ஈயத்துக்கு நிறமும் கெடையாது, வாசமும் கெடையாது. துரு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. உங்க கட்டடத்துக்குத் தெருவுலேருந்து வர்ற பைப்பு ஈயத்துல பண்ணினது போல. அந்தக் காலத்துல அப்படித்தான் போடுவாங்க." நர்சு மேஜைமேல் இருந்த டீ டம்ளரைக் காட்டினாள். "டீத்தூளைப் போட்டு உடனே வடிகட்டினா எப்படி இருக்கும்? ராத்திரி முழுக்க ஊறப்போட்டா எப்படி இருக்கும்? உங்க பைப்புல ராத்திரி முழுக்கத் தண்ணி ஊறுது. காலையில முதல்ல பிடிக்கறவங்களுக்கு அந்த டிகாஷன். அப்புறம் ஓட ஓடக் கொறையும்."

கோழியக்கா அந்த டம்ளரையே பார்த்தாள்.

"முதல்ல பிடிக்கறது நாந்தான்" என்றாள்.

நர்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பதம்பார்க்கும், ரத்தச்சோகை பிடிக்கும், மாசமாக இருக்கிறவள் குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்றாள். தம்பி பெண்டாட்டி ரத்தத்திலும் இருக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை. இன்றைக்கே நிறுத்தினால் பிழைத்தோம். குழந்தைக்கு இரும்புச் சத்து மருந்து எழுதியிருக்கிறது.

"காய்ச்சிக் குடுத்தா?"

"காய்ச்சினா தண்ணிதான் வத்தும், ஈயம் அப்படியே இருக்கும். இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

பிறந்த குழந்தை. பால்பவுடர். ஜக்கு. தூங்குமூஞ்சி வீட்டில் ஜக்கை வைத்துவிட்டு மறுபடி படுத்து, இப்போதுதான் எழுந்திருப்பார்கள். இப்போதுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

"ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் அவள் அங்கே இல்லை.

ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடின ஓட்டத்தை இன்றைக்கும் கடைத்தெருவில் சொல்வார்கள். ஒரு செருப்பு காய்கறிக் கடை வாசலில் கழன்று விழுந்தது. "அக்கா, செருப்பு!" என்று கடைக்காரி கத்தினாள். "நீயே போட்டுக்க!" என்று இவள் திரும்பிப் பார்க்காமல் கத்தினாள். மூலை திரும்பினால் பஸ் ஒன்று வருகிறது. தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது; அப்படிக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டுகிறவன் ஊரில் ஒருத்தன்தான், அவள் தம்பி. நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பிரேக் கிறீச்சிட்டது. "அக்கா! இது ஸ்டாப் இல்லக்கா!"

"ஸ்டாப்பாவது மண்ணாங்கட்டியாவது, கதவைத் திறடா!"

ஏறினாள். பின்னாலிருந்து ஒரு பெரிய மனுஷர், "ஏம்மா, சொந்தக்காரங்களுக்குன்னா எங்க வேணாலும் நிக்குமா பஸ்ஸு?" என்று கேட்டார்.

"பச்சப்புள்ள விஷம் குடிக்கப் போகுது, வாய மூடிட்டு உக்காரு! நீ எந்தக் கட்டடத்துல இருக்க? பழைய கட்டடமா? அப்ப உனக்கும்தான்யா சொல்றேன், காலையில முதத் தண்ணியைக் குடிக்காத!" அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு பஸ் முழுக்கச் சொன்னாள். ராத்திரி முழுக்கப் பைப்பில் ஊறுகிறதையும், டிகாஷனையும், காய்ச்சினாலும் போகாது என்பதையும் சொன்னாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்துபோனான். தம்பி இரண்டு ஸ்டாப்பில் நிற்காமலே ஓட்டினான். இறங்க வேண்டியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டவில்லை, தோளால் முட்டித் திறந்தாள். தூங்குமூஞ்சி பனியனோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, பால் பாட்டிலைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்தாயிற்று.

கோழியக்கா பாட்டிலைப் பிடுங்கினாள்.

குழந்தை வீறிட்டது. தாய் அதைவிடப் பெரிதாக வீறிட்டாள். தூங்குமூஞ்சிக்குத் தூக்கம் பறந்தது. வாயில் நுரையோடு முன்னால் வந்தான்.

"என்னக்கா அக்கிரமம் இது? குடுத்ததும் நீங்க, பிடுங்கறதும் நீங்களா? ஒரு ஜக்கு தண்ணிக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா? உங்க தண்ணி உங்களுக்கே இருக்கட்டும்!"

"குடிச்சுதா? ஒரு வாயாவது குடிச்சுதா?"

"எங்க குடிக்க விட்டீங்க?"

அவள் அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். பாட்டில் கையிலேயே இருந்தது. பிறகு சொன்னாள். எல்லாவற்றையும், ஒன்றையும் மறைக்காமல், அவளுடைய வாயாலேயே சொன்னாள். கடைசியில், "என் கையாலயே, டம்ளர்ல ஊத்தி ஊத்திக் குடுத்தேன்டா எங்க புள்ளைக்கு" என்று சொல்லிப் பாட்டிலைப் படியிலேயே கவிழ்த்துக் கொட்டினாள்.

தூங்குமூஞ்சி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப, இத்தனை வருஷமா நான் லேட்டா எந்திரிச்சது..."

"ஆமாடா. உன் சோம்பேறித்தனம்தான் உன் குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு. சந்தோஷமா?"

அவனால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "கேட்டுக்க, இனிமே என்னை எழுப்பாத" என்றான் பெண்டாட்டியிடம்.

"ரொம்பத் துள்ளாத. உன் கலங்கல் ஒண்ணும் அமிர்தம் இல்ல, அதுலயும் கொஞ்சம் இருக்குதாம். வா, எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்துல புதுக் குழாய் இருக்கு. குடத்தை எடு. இன்னிக்கு ஒரு நாளாவது நிமிர்ந்து நட."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கதவாகப் போய் அவளே சொன்னாள். தப்புச் செய்தவள் தலையைக் குனிந்து போவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவள் ஏதோ பரிசு விழுந்த சேதியைச் சொல்கிற மாதிரி கத்திக்கொண்டு போனாள். குனிய அவளுக்கு நேரம் இல்லை.

தெருவில் இருக்கிற பைப்பை நகராட்சி மாற்றிவிடும். கட்டடத்துக்குள் இருக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் மசியவில்லை. "எங்கப்பா போட்ட பைப்பு. இன்னும் ரெண்டு தலைமுறைக்கு உழைக்கும்" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த வாரக் கடைசியில் அவருடைய மகன் பட்டம் வாங்குகிறான். வீட்டுக்காரரின் கோட்டு, மகன் கோட்டு, இருக்கிற நல்ல சட்டை எல்லாம் கோழியக்கா கடையில் மூட்டையாகக் கிடந்தன. அவரோ எதிர்வரிசையில் தூங்குமூஞ்சியின் கடையில், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

கோழியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், துணி ரெடியாகலை."

"எப்ப ஆகும்?"

"பைப்பு மாத்தினதும்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பாதி முகம் சிரைத்திருந்தது, பாதி முகத்தில் நுரை. தூங்குமூஞ்சி கத்தியை மெதுவாக மடக்கிப் பைக்குள் வைத்தான்.

"நீ ஏன்டா நிறுத்தின?"

"கை நடுங்குது சார். காலையில குடிச்ச தண்ணி சரியில்ல."

"இது மிரட்டல்!"

"ஆமா சார்" என்றாள் கோழியக்கா. "எங்களுக்கு வேற என்ன தெரியும்? எனக்குத் தேய்க்கத் தெரியும், அவனுக்குச் சிரைக்கத் தெரியும். நீங்க பாதி சிரைச்ச முகத்தோட, கசங்கின கோட்டுல போய் மகன் பக்கத்துல நில்லுங்க. போட்டோ எடுப்பாங்க."

வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, கஞ்சர்; கஞ்சனுக்கும் முகம் ஒன்று உண்டே. அங்கேயே உட்கார்ந்தபடி பைப்புக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். கத்தி மறுபடி விரிந்தது.

பைப்புக்காரர் பின்கட்டைத் தோண்டிய அன்று கட்டடமே கூடிவிட்டது. கறுத்துக் கிடந்த பழைய பைப்பை அவர் ஸ்குரூடிரைவரால் லேசாகக் கீறினார். வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. கீறின இடம் வெள்ளி மாதிரி மின்னியது.

"இவ்வளவு அழகா இருக்குமா இது?" என்று தம்பி பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருந்தவனைக் கட்டித்தான் நானும் ஏமாந்தேன்" என்று சொல்லி அதன்மேல் காறித் துப்பினாள் கோழியக்கா. எல்லோரும் கைதட்டினார்கள்.

தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவமானது. ஆண் குழந்தை. அதன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று நர்சு சொன்ன அன்று, கோழியக்கா தெருவில் போன ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, கொடுத்த துணிக்குக் காசு வேண்டாம் என்றாள். மறுநாள் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். பெண் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டே வந்தது, வயிற்றுவலி நின்றது, முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் பேச்சு வரவில்லை. "வரும், வரலாம், பாக்கலாம்" என்றாள் நர்சு. அந்தப் 'பாக்கலாம்' கோழியக்காவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போதெல்லாம் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓயாமல் பேசினாள். "இது காலரு. இது கை. இது பட்டன் இல்லாத முண்டம், வீட்டுக்காரருது." குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

பின்கட்டில் இப்போது வேறு கூத்து. முதல் தண்ணீருக்கு ஏங்கியவர்கள், விடியலில் குடத்தோடு நின்று ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். "நீங்க பிடிங்க." "அட, நீங்க பிடிங்க." புதுப் பைப்பில் பயம் இல்லை, ஆனாலும் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் நல்லது என்று நர்சு சொல்லியிருந்தாள். அதனால் முதல் தண்ணீர் மறுபடி கோழியக்காவுக்கே வந்தது. அவள் அதை வாளியில் பிடித்துப் பின்கட்டைக் கழுவிவிட்டாள்.

அப்படி ஒருநாள் காலை, துடைப்பமும் கையுமாகக் குனிந்திருந்தாள். கட்டடத்துச் சனம் குடங்களோடு நின்றது. தூங்குமூஞ்சிகூட வந்திருந்தான், கொட்டாவியோடு. சமையல்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை நின்றாள்.

"கோழி!"

யாரோ ஒருத்தி குடத்தை நழுவவிட்டாள்.

"கோழி! கோழி!" என்றாள் குழந்தை, அவளையே விரல் நீட்டி, தெள்ளத் தெளிவாக.

கோழியக்கா நிமிர்ந்தாள். துடைப்பம் கையில் இருந்தது. "எவன்டா சொல்லிக் குடுத்தது?"

ஒருத்தன் ஆகாயத்தைப் பார்த்தான். ஒருத்தி குடத்துக்குள் பார்த்தாள். தூங்குமூஞ்சி, மகனை முதுகுக்குப் பின்னால் மெல்ல மறைத்துக்கொண்டான்.

கோழியக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு வெளியே அவள் முகம், உள்ளே குழந்தையின் முகம்.

"இன்னொரு தரம் சொல்லுடி என் ராசாத்தி" என்றாள். "சத்தமாச் சொல்லு. நாலு மாடிக்கும் கேக்கட்டும்."